பக்கத்தில் நிற்பவர்: சைக்கோசிஸின் விளிம்பில் இளையோரும் குடும்பத்தோடு பேசும் சிகிச்சையும்

கேரள மருத்துவமனைகளில் நோயாளியோடு தங்கியிருக்கும் உறவினரைப் 'பைஸ்டாண்டர்' என்று அழைப்பது வழக்கம். ஆங்கிலத்தில், ஒரு சம்பவத்தில் பங்கெடுக்காமல் ஓரமாக நின்று பார்ப்பவரைச் சுட்டும் இச்சொல், கேரள எல்லையிலுள்ள பாறசாலைக்கு வடக்கே வந்ததும் நேரெதிரான பொருளை ஏற்றுக்கொண்டு, மருந்துச்சீட்டோடு ஓடுபவரையும், கஞ்சி வாங்கி வருபவரையும், இரவில் கட்டிலருகே பாய் விரித்துப் படுப்பவரையும் குறிக்கலாயிற்று. மனநலச் சிகிச்சையிலும் திருவனந்தபுரத்தின் வழக்கம் இதுவே; நோயாளி ஆளில்லாமல் தனியே வந்து நிற்பது அரிது. குடும்பத்தைச் சிகிச்சைக்குள் எப்படி வரவழைப்பது என்று மேலை நாட்டு மருத்துவர்கள் அரை நூற்றாண்டாக யோசித்துவந்திருக்க, இங்கே குடும்பம் அழைக்காமலே வந்து நிற்கிறது. ஆயினும் அருகில் நிற்பதும் உரையாடலில் இடம்பெறுவதும் ஒன்றாகிவிடா. சைக்கோசிஸ் வரக்கூடும் என்று கருதப்படும் இளையோருக்காக உருவாகியுள்ள, குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளும் பேச்சுவழிச் சிகிச்சையை இந்நகரத்துச் சூழலில் வைத்துப் பார்க்கும்போது, இந்த இடைவெளியே முதலில் கண்ணில் படுகிறது.

சைக்கோசிஸ் என்பது ஒரு தனி நோயின் பெயரன்று. மெய்ம்மையோடு மனத்துக்குள்ள பிடிமானம் தளர்ந்துபோகும் நிலையைக் குறிக்கும் பொதுப்பெயர். யாரும் பேசாதபோது குரல் கேட்பது, யாரோ தன்னைக் கண்காணிப்பதாகவோ தனக்கு எதிராகச் சதி செய்வதாகவோ அசைக்க முடியாமல் நம்புவது, சிந்தனையின் கோவை அறுந்துபோவது ஆகியவை அதன் முதன்மை அறிகுறிகள். மனச்சிதைவு எனப்படும் ஸ்கிசோஃப்ரீனியாவிலும், கடும் இருமுனைக் கோளாறிலும், சிலபோது போதைப்பொருளின் விளைவாகவும் இந்நிலை தோன்றலாம். பெரும்பாலோரிடம் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ இது முதன்முறை வெளிப்படுகிறது. கேரளத்துக் கணக்கில் சொன்னால், பிளஸ் டூ, நுழைவுத்தேர்வுப் பயிற்சி, கல்லூரி விடுதி, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் வயதில். ஆகவே ஒரு பிள்ளை அறைக்குள் முடங்கி, நண்பர்களைத் தவிர்த்து, இரவெல்லாம் விழித்து, படிப்பில் பின்தங்கும்போது, வீட்டார் அதைச் சோம்பல் என்றோ, செல்போன் பழக்கம் என்றோ, 'வயசுக் கோளாறு' என்றோ எடுத்துக்கொள்வது இயல்பு. பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும் என்பதே இத்துறையின் முதல் சிக்கல்.

அந்த மங்கலான காலத்தை மருத்துவத்தின் கண்ணுக்குள் கொண்டுவந்த முயற்சிகளுள் முக்கியமானது, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பாட்ரிக் மெக்கோரி, அலிசன் யங் ஆகியோர் 1994இல் தொடங்கிய 'பேஸ்' என்னும் மருத்துவ மையம். அங்கே மூன்று வகையினர் 'மிகுஆபத்து' நிலையில் இருப்பதாக வரையறுக்கப்பட்டனர்: முழு அளவை எட்டாத, நீர்த்த வடிவிலான அறிகுறிகள் உடையோர், ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும் சைக்கோசிஸ் கண்டோர், நெருங்கிய உறவினருக்கு இந்நோய் இருக்க, தாமும் அண்மையில் அன்றாடச் செயல்பாட்டில் வெகுவாகச் சரிந்தோர். தொடக்க கால மெல்போர்ன் ஆய்வொன்றில் இத்தகையோரில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் சைக்கோசிஸை அடைந்தனர். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த ஃபுசார்-போலியின் 2012ஆம் ஆண்டுப் பகுப்பாய்விலோ இவ்விகிதம் ஓராண்டில் 22, மூன்றாண்டில் 36 சதவீதம் என்று இறங்கியது. 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, இந்நிலையை ஏற்கப்பட்ட நோய்களின் வரிசையில் வைக்காமல், மேலும் ஆராய வேண்டியவற்றின் பகுதியில் நிறுத்தியது. அந்த எச்சரிக்கை நியாயமானது. 'ஆபத்தில் இருப்பவர்' என்று முத்திரை குத்தப்படும் மூவரில் ஏறத்தாழ இருவருக்கு, அந்த மூன்றாண்டுகளில், அஞ்சிய நோய் வருவதில்லை.

திருவனந்தபுரத்தில் இந்த முத்திரையின் கனம் மெல்போர்னில் உள்ளதைப் போன்றதன்று. ஆயில்யம் திருநாள் ஆண்ட காலத்தில், 1870இல், திருவிதாங்கூர் அரசின் மனநோயாளர் காப்பகமாகத் தோன்றிய நிறுவனம் இன்று ஊளம்பாறையில் மனநல மையமாக இயங்கிவருகிறது. சென்னைத் தமிழில் 'கீழ்ப்பாக்கம்' என்ற இடப்பெயர் எப்படி ஒரு வசையாயிற்றோ, அப்படியே தென் கேரளத்துப் பேச்சில் 'ஊளம்பாறை' ஆயிற்று. 1980களில் அங்கிருந்த நோயாளிகளின் அவலம் வெளிச்சத்துக்கு வந்தபோது, கவிஞர் சுகதகுமாரி 1985இல் 'அபயா' அமைப்பைத் தொடங்கினார். குடும்பத்தால் கைவிடப்பட்ட பெண்கள் பலர் அங்கே அடைக்கலம் பெற்றனர். குடும்பம் எப்போதும் உடன்நிற்கிறது என்ற பெருமிதத்தைச் சற்று அடக்கிவைக்கும் வரலாறு இது. நோய் நீளும்போது உறவு அறுந்துபோவதும் இதே நகரத்தில்தான் நடந்தது. ஒரு வீட்டில் மனநோய் இருப்பதாகப் பேச்சு எழுந்தால் தங்கையின் திருமணப் பேச்சுவரை அது நீளும் ஊரில், வரலாம் வராமலும் போகலாம் என்ற நிலையில் உள்ள ஒரு நோயின் பெயரைப் பதினேழு வயதுப் பிள்ளையின் மேல் எழுதிவைப்பது எளிதில் செய்யக்கூடிய காரியமாகாது. அப்பெயரை எழுதாமலே, இப்போதுள்ள தூக்கமின்மையையும் அச்சத்தையும் வீட்டுச் சண்டையையும் கையிலெடுக்க முடியும் என்பது பேச்சுவழிச் சிகிச்சையின் முதல் அனுகூலம்.

குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்ப்பது இறக்குமதிச் சரக்கு என்று எண்ணுவோர் இந்திய மனநல மருத்துவத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டலாம். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், இட நெருக்கடிக்கிடையே, வளாகத்தில் கூடாரங்கள் அடித்து நோயாளிகளோடு உறவினரையும் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் 1957 முதல் மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அதையே நிறுவனத்தின் நெறியாக்கினார். திருவனந்தபுரத்தையும் அதன் சுற்றுவட்டத்தையும் முதன்மைக் களமாகக் கொண்டு ஆராய்ந்த மானுடவியலாளர் மர்ஃபி ஹாலிபர்ட்டன், ஆயுர்வேதம், அலோபதி, சமயத் தலங்கள் ஆகியவற்றுக்கிடையே மனநோயாளரும் அவர்தம் குடும்பத்தாரும் நகர்ந்துகொண்டே இருப்பதை 2004இல் வெளியிட்ட கட்டுரையிலும், 2009இல் வெளிவந்த 'மட்பேக்ஸ் அண்ட் ப்ரோசாக்' நூலிலும் விவரித்தார். பீமாப்பள்ளி தர்காவும் வெட்டுக்காடு மாதா கோவிலும் சோற்றானிக்கரை பகவதி கோவிலும் அவர் நூலில் இடம்பெறுகின்றன. ஒன்று ஒத்துவராதபோது மற்றொன்றைத் தேடிப் பொருந்துவதைக் கண்டுகொள்ள வழியிருப்பதே, வளரும் நாடுகளில் மனச்சிதைவின் போக்கு நன்றாக இருந்ததாக உலகச் சுகாதார நிறுவன ஆய்வுகள் கண்டதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவருடைய வாதம். அந்த அலைச்சல் முழுவதிலும் முடிவெடுப்பதும், கூட்டிச் செல்வதும், செலவழிப்பதும் குடும்பம்.

குடும்பத்தின் பேச்சு நோயின் போக்கைப் பாதிக்கிறது என்ற கருத்து வந்த வழி வேறு. அது குற்றச்சாட்டில் தொடங்கியது. 1948இல் ஃபிரீடா ஃபிராம்-ரைக்மன் மனச்சிதைவை 'உண்டாக்கும் தாய்' என்றொரு கருத்தை முன்வைக்க, ஒரு தலைமுறைத் தாய்மார் ஆதாரமற்ற பழியைச் சுமந்தனர். அதிலிருந்து விலகிய ஆய்வு லண்டனில் ஜார்ஜ் பிரவுன் செய்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஆண்களுள், பெற்றோரோடோ மனைவியோடோ வாழச் சென்றவர்கள், வாடகை அறைகளிலோ உடன்பிறந்தாரோடோ தங்கியவர்களைவிட அதிகமாக மறுபடி நோயுற்றதை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1950களின் இறுதியில் கண்டனர். அங்கிருந்து கிளைத்ததே 'வெளிப்படும் உணர்வு' என்னும் அளவை. உறவினரிடம் நீண்ட நேர்காணல் நடத்தி, அவர் நோயாளியைப் பற்றிச் சொல்லும் குறைகூறல்கள், வெறுப்பு, அளவுமீறிய ஈடுபாடு ஆகியவற்றோடு கனிவையும் பாராட்டையும் சொல்லாலும் தொனியாலும் மதிப்பிடுவது அதன் முறை. குடும்பம் நோயை உண்டாக்குவதாக இவ்வளவை சொல்லவில்லை. ஏற்கெனவே வலுவிழந்த ஒருவர் எந்தச் சூழலில் நிலைகொள்கிறார் என்பதையே அது பார்த்தது.

1980களில் நரேந்திர விக் குழுவினர் ஜூலியன் லெஃபுடன் சேர்ந்து சண்டிகரில் இதே அளவையைப் பயன்படுத்தியபோது, இந்திய உறவினரிடம் குறைகூறலும் அளவுமீறிய ஈடுபாடும் பிரிட்டனில் உள்ளதைவிடக் குறைவாகக் காணப்பட்டன. வெறுப்பு மட்டுமே நோய் திரும்புவதோடு தொடர்புடையதாக நின்றது. இம்முடிவை அப்படியே தெற்கே கொண்டுவருவதற்கு முன் மொழியைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் வசை என்பது எப்போதும் வசையாக இருப்பதில்லை. 'சனியனே, சாப்பிட வா' என்று அழைக்கும் தாயின் குரலில் உள்ள உரிமையை எழுத்தில் பதிந்து எண்ணினால் அது குறைகூறல் கணக்கில் சேர்ந்துவிடும். மாறாக, ஒரு கடுஞ்சொல்லும் இல்லாத 'பக்கத்து வீட்டுப் பையன் எஞ்சினியரிங் முடிச்சிட்டான்' என்ற வாக்கியம் அறைக்குள் இருக்கும் பிள்ளையை வெட்டிப்போடும். இருபது வயது மகனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவது லண்டன் அளவுகோலில் அளவுமீறிய ஈடுபாடு. நாகர்கோவிலிலும் நெய்யாற்றின்கரையிலும் அது காய்ச்சல் வந்தால் நடக்கும் சாதாரணச் செயல். இவ்வளவை பண்பாட்டுக்குப் பண்பாடு மாறுபடும் என்ற பொதுவாக்கியத்தோடு நின்றுவிடாமல், எந்தச் சொல் எந்த வீட்டில் காயப்படுத்துகிறது என்று அந்தப் பிள்ளையிடமே கேட்பதுதான் சிகிச்சையாளர் செய்யக்கூடியது. நோய் முழுமையாக வராத நிலையில் ஈடுபாடு நன்மையும் செய்யலாம் என்பதற்குச் சான்றுண்டு: கலிபோர்னியாவில் ஆபத்து நிலையிலிருந்த 26 பதின்வயதினரை வைத்து மேரி ஓ'பிரையன் குழு 2006இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், பராமரிப்பவரின் கனிவும் பாராட்டும் மட்டுமின்றி உணர்வுபூர்வமான ஈடுபாடும்கூட, சில மாதங்களில் அறிகுறிகள் குறைவதோடு இணைந்திருந்தது.

இனி, சிகிச்சை அறையில் நடப்பது என்ன என்று பார்க்கலாம். இதன் ஓர் இழை சிபிடி எனப்படும் எண்ணம்–நடத்தைச் சிகிச்சை. ஒரு நிகழ்வைவிட, அதற்கு மனம் தரும் விளக்கமே அச்சத்தையும் செயலையும் தீர்மானிக்கிறது என்பது அதன் அடிப்படை. விடுதித் தாழ்வாரத்தில் யாரோ தன் பெயரைச் சொல்லிச் சிரித்ததாக ஒரு மாணவர் கேட்டிருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், சிகிச்சையாளர் அதைப் பொய் என்று மறுப்பதுமில்லை, ஆமென்று தலையாட்டுவதுமில்லை. எத்தனை நாள் தூங்கவில்லை, அப்போது மனநிலை எப்படி இருந்தது, வேறு என்னென்ன விளக்கங்கள் இருக்கக்கூடும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று இருவரும் தாளில் எழுதிப் பார்க்கிறார்கள். களைப்பிலும் துக்கத்திலும் தனிமையிலும் குரல் கேட்பது பலருக்கும் நேர்வதுதான் என்ற செய்தியே பாதி அச்சத்தைத் தணிப்பதுண்டு. பிறகு சிறு சோதனைகள் வருகின்றன: ஒரு வாரம் உணவகத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, எதிர்பார்த்த கேடு நடந்ததா என்று குறித்துவருவது போன்றவை.

இந்தச் சோதனைகள் வீட்டில்தான் வெல்லவோ தோற்கவோ செய்கின்றன. சன்னலை மூடியே வைத்திருக்கும் மகனுக்கு அம்மா மூன்று வேளையும் தட்டை அறைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தால் அவனுடைய அச்சம் தன்னைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பே பெறுவதில்லை. அப்பா கதவைத் தட்டிச் சத்தம் போட்டால் அச்சம் உறுதிப்படுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நடத்தையைப் பெற்றோர் கற்றுக்கொள்ள, அவர்களும் அறைக்குள் இருக்க வேண்டியிருக்கிறது. மற்றோர் இழையான, டேவிட் மிக்லோவிட்ஸ் உருவாக்கிய குடும்பமையச் சிகிச்சை மூன்று கட்டங்களாக நகர்கிறது: அறிகுறிகளையும் மன அழுத்தத்தையும் பற்றிக் குடும்பம் முழுவதும் சேர்ந்து புரிந்துகொள்வது, பாராட்டைச் சொல்லவும், காதுகொடுத்துக் கேட்கவும், மாற்றம் வேண்டுமெனில் தாக்காமல் கேட்கவும் பழகுவது, ஒரு சிக்கலைத் துண்டுதுண்டாக்கித் தீர்வு தேடுவது. இரண்டாவது கட்டம் இங்கே கூடுதல் உழைப்பைக் கேட்கும். தென்னாட்டு வீடுகள் பலவற்றில் வளர்ந்த மகனோடு அப்பா நேரடியாகப் பேசுவதே நின்றுபோயிருக்கும். 'அவனைச் சாப்பிட வரச் சொல்லு' என்று செய்தி அம்மா வழியே போய், பதிலும் அவ்வழியே திரும்பும். 'எனக்கு இப்படித் தோன்றுகிறது' என்று தன் உணர்வைத் தானே சொல்லிப் பேச்சைத் தொடங்கும் மேலை நாட்டுப் பயிற்சி இந்த வீடுகளில் நாடக வசனம்போல ஒலிக்கும். அந்த அப்பாவிடமிருந்து 'ராத்திரி தூங்கினியா, மக்களே?' என்ற ஒரு நேர்க்கேள்வி வந்தாலே ஓர் அமர்வின் பயனாகக் கொள்ளலாம்.

இச்சிகிச்சைகள் எவ்வளவு பலன் தருகின்றன என்ற கேள்விக்குப் பெருமிதமான விடை இல்லை. பிரிட்டனில் அந்தோணி மாரிசன் தலைமையில் 288 பேரிடம் நடந்து 2012இல் வெளியான சிபிடி ஆய்வில், இரு குழுக்களிலும் சேர்த்து 8 சதவீதத்தினரே சைக்கோசிஸை அடைந்தனர். சிகிச்சை அந்த எண்ணிக்கையைத் திட்டவட்டமாகக் குறைக்கவில்லை, அறிகுறிகளின் தீவிரத்தைக் குறைத்தது. 129 இளையோரைக் கொண்டு 2014இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், ஆறு மாதங்களில் 18 அமர்வுகள் குடும்பமையச் சிகிச்சை பெற்றவர்களிடம், மூன்று அமர்வுகள் மட்டுமே பெற்றவர்களைவிட, நீர்த்த அறிகுறிகள் அதிகமாகத் தணிந்தன. குடும்ப உரையாடலிலும் மோதல் குறைந்தது. அதே ஆய்வில், பத்தொன்பது வயதைத் தாண்டியவர்கள் நீண்ட சிகிச்சையிலும், பதினாறிலிருந்து பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் சுருக்கமான சிகிச்சையிலும் படிப்பு, வேலை ஆகியவற்றில் அதிகம் முன்னேறினர் என்ற முடிவு, குடும்பத்தை எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு ஒரே அளவில்லை என்று காட்டுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துச் சீர்தூக்கி 2019இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, எந்த ஒரு சிகிச்சையையும் உறுதியாக முன்னிறுத்தப் போதிய ஆதாரமில்லை என்றது. அப்படியிருந்தும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் மருத்துவ வழிகாட்டி 2014இல், ஆபத்து நிலையிலுள்ளோருக்குக் குடும்பத் தலையீட்டோடோ அது இல்லாமலோ சிபிடி வழங்கவும், சைக்கோசிஸ் மருந்துகளைத் தடுப்பு நோக்கில் கொடுக்காதிருக்கவும் பரிந்துரைத்தது சரியான முடிவே. மூவரில் இருவருக்கு வராத நோய்க்காக எடைகூட்டும், மந்தமாக்கும் மாத்திரைகளை எல்லோருக்கும் கொடுப்பதைவிட, தவறிப்போனாலும் தீங்கு குறைந்த வழி பேச்சு. நோயைத் தடுக்கும் என்ற வாக்குறுதியைக் கொடுக்காமல், இன்றைய துன்பத்தைக் குறைக்கும் என்று மட்டும் சொல்லி வழங்கினால் அது நேர்மையான சிகிச்சையாக இருக்கும்.

தென்னிந்தியக் குடும்பத்தின் வலிமைக்கு ஆதாரம் தேடுவோர் சென்னையைப் பார்க்கலாம். மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, முதன்முறை சைக்கோசிஸ் கண்டவர்களை இரு நகரங்களிலும் ஒரே முறையில் பின்தொடர்ந்தது. சென்னையில் 168 பேர், மாண்ட்ரியலில் 165 பேர். ஊக்கமின்மை, உணர்ச்சி மழுங்கல் போன்ற அறிகுறிகள் ஈராண்டு முடிவில் மாண்ட்ரியலைவிடச் சென்னையில் குறைவாக இருந்தன. சென்னைக் குடும்பங்கள் சிகிச்சையில் கூடுதலாகப் பங்கெடுத்தன. இது நோய் தொடங்கிவிட்டவர்களைப் பற்றிய ஆய்வு. ஆபத்து நிலைக்கு அப்படியே நீட்டுவதற்கில்லை.

திருவனந்தபுரத்துக் குடும்பமோ இப்போது ஒரே கூரையின்கீழ் இல்லை. உள்ளூரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தில் 1998இல் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்புகளின் வரிசையில், 2023ஆம் ஆண்டுக் கணக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாகச் சொல்கிறது; அவர்களுள் மாணவர்கள் மட்டும் சுமார் இரண்டரை லட்சம், ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய இருமடங்கு. அப்பா ஷார்ஜாவிலும் பாட்டி வீட்டிலும் அம்மா பணியிடத்திலும் இருக்கும்போது, 'குடும்பத்தோடு அமர்வு' என்பது சில வேளை வாட்ஸ்அப் திரையோடு அமர்வதாகிவிடும். எதிர்த்திசையில், தூரதேசக் கல்லூரி நகரில் தனியறையில் இருக்கும் மகளுக்கு முதல் அறிகுறி தோன்றினால் அங்கே சிபிடி கிடைக்கலாம், குடும்பம் கிடைக்காது. புலம்பெயர்ந்தோரிடம் சைக்கோசிஸ் அதிகமாகக் காணப்படுகிறது என்பதை, மினசோட்டாவில் குடியேறிய நார்வேக்காரரை ஆராய்ந்த ஓடகார்ட் 1932லேயே சுட்டிக்காட்டியிருந்தார்.

யார் பேசுவது, யார் பெயரால் பேசுவது என்ற சிக்கல் இதைவிட நுட்பமானது. 'ஒரு மாதிரி இருக்கான் டாக்டர்' என்று பெற்றோர் தொடங்கினால், பிள்ளை வாய்திறப்பதற்கு முன்பே கதை முடிந்துவிடும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுவோரின் மந்தணத்தைக் காக்கிறது. பதினெட்டு நிறைந்தவர், சிகிச்சை முடிவுகளில் துணைநிற்கும் தம் நியமனப் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கலாம், சிறாருக்குப் பாதுகாவலரே பிரதிநிதி. பதினேழு வயதில் ஒரு விதியும் பத்தொன்பதில் வேறொன்றும் பொருந்தும் இந்த வயதினரிடம், முதலில் தனியாகப் பேசி, எதை வீட்டாரிடம் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவரோடு முடிவுசெய்துவிட்டுப் பிறகு கதவைத் திறப்பதே முறை. கஞ்சா பயன்படுத்தியதை அம்மாவின் முன்னால் ஒப்புக்கொள்ளும் பிள்ளை அரிது. அந்தத் தகவல் இல்லாமல் சிகிச்சையாளர் இருட்டில் நடப்பார்.

பதினெட்டு அமர்வுகளுக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் எங்கே என்ற எதிர்க்கேள்விக்கும் ஓரளவு விடை உண்டு. காஞ்சிபுரம், கோவா, சாத்தாரா ஆகிய இடங்களில் 282 பேரிடம் நடந்து 2014இல் லான்செட் இதழில் வெளியான கோப்சி ஆய்வில், மனநல மருத்துவரின் மேற்பார்வையில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் மனச்சிதைவுள்ளோரின் வீடுகளுக்கே சென்று குடும்பத்தோடு பணியாற்றினர். பலன் மிதமானதே எனினும், தமிழ்நாட்டு ஊரகத் தளத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. கேரளத்தில் ஆஷா எனப்படும் சமூகச் சுகாதாரப் பணியாளர்களும், பள்ளி ஆலோசகர்களும், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987 முதல் இயங்கும் குழந்தை வளர்ச்சி மையமும் இருக்க, பேசத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. மாறவேண்டியது புறநோயாளர் அறையின் அமைப்பு: நோயாளிக்கு ஒரு ஸ்டூல், பைஸ்டாண்டருக்கு நிற்க இடம் என்ற ஏற்பாட்டில், நின்றவர் மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு திரும்புவதைத் தவிர வேறெதுவும் நடக்க வழியில்லை. வாரத்துக்கு ஒரு பிற்பகலாவது, இரண்டு மூன்று நாற்காலிகள் போட்டு, முக்கால் மணி நேரம் ஒரே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவதற்கு அரசு மருத்துவமனைகள் இடம் ஒதுக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாத நிலைகளும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும்படி குரல் கட்டளையிடுவதாகப் பிள்ளை சொன்னாலோ, பல நாள் உணவும் உறக்கமும் இன்றி இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் கூட்டிச் செல்ல வேண்டும். மற்ற தயக்கங்களுக்கு, மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண்ணையும், கேரள அரசின் 'திசா' சேவையின் 1056 என்ற எண்ணையும் அழைக்கலாம். டெலி மானஸில் மலையாளத்திலும் தமிழிலும் பேசலாம், அழைப்பவர் நோயாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.